ஜனாஸாவில் ஒரு கேள்வி

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரியால் மைதீன்பிச்சை தர வேண்டியிருந்தது. செய்யதலி தன் மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்ததில் கடனாகக் கொடுத்த பணம். மணலில் பாதி புதைந்த பழைய நகரத்தைப் பார்க்க வரும் பயணிகளுக்காக இருவரும் பாலைவனத்தில் கல்படி பதித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் சுருண்டு விழுந்த மைதீன்பிச்சை எழுந்திருக்கவேயில்லை. ஜனாஸா தொழுகைக்கு முன், இறந்தவரின் கடனை வீட்டு ஆள் கேட்டு ஏற்பது வழக்கம்.

“ஊர்ல இருக்குற அவன் புள்ளைங்களா இங்க வந்து கேக்கப்போவுது? நீ கேளு செய்யது,” என்றார் சமையல்கார காதர்பாய்.

செய்யதலி முன்னால் போய் நின்றான். “மவுத்தானவர் யாருக்காச்சும் காசு தரணும்னா எங்கிட்ட சொல்லுங்க.”

கூட வேலை பார்த்த பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். கடன் யாருக்கென்று அவர்களுக்குத் தெரியும்.

“எனக்குத்தான் தரணும்,” என்றான் அவன், துணி மூடிய முகத்தைப் பார்த்து. “அதை விட்டாச்சு மச்சான். நீ போ.”