முந்தாத பைக்

"மனசுல என்ன தோணுதோ, வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஓட்டுங்கக்கா. நான் இன்னொரு சைக்கிள்ல காதுல கேட்டுக்கிட்டே பின்னாடி வருவேன். குறுக்கே பேச மாட்டேன்" என்று, சைக்கிளில் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஆராயும் மாணவி தாமரை முதல் நாள் சொன்னாள். "தானா பேசுற பைத்தியம்னு நினைப்பாங்களே!" என்றாள் பூங்கோதை. "ரெண்டு பைத்தியமா போவோம்" என்றாள் தாமரை. இருவரும் சிரித்தார்கள்.

இன்று ஹெல்மெட்டில் கேமரா, துப்பட்டாவில் மைக், காதில் இயர்போன். "பள்ளம்... மணல், சறுக்கும்... உரசிட்டுப் போறான் பாரு லாரிக்காரப் பாவி" என்று சொல்லியபடி மிதித்துக்கொண்டிருந்தாள் பூங்கோதை. அவள் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் கேட் மூடிக்கொண்டது. தாமரை அந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

அப்போதுதான், இந்தப் பக்கம் எங்கோ காத்து நின்ற அந்த பைக்கின் சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஹாரன் அடித்து முந்திப் போகிறவர்களிடம் அவளுக்குப் பயமில்லை. இது முந்தாது. அவள் வேகமெடுத்தால் வேகமெடுக்கும், தயங்கினால் தயங்கும். பல மாதங்களாக இப்படித்தான். வீட்டில் சொன்னால் கணவன் முதலில் சைக்கிளைப் பூட்டுவான், அப்புறம் வேலைக்கே போக வேண்டாம் என்பான். அதனால் யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. தாமரை கூட வந்த நாட்களில் மட்டும் அந்தச் சத்தம் இல்லை.

"என்னக்கா, பேச்சையே காணோம்?" காதுக்குள் தாமரை கேட்டாள்.

பைக்கின் நிழல் மெல்ல நீண்டு அவளுடைய முன்சக்கரத்தைத் தொட்டது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது வெளியே வந்தது.

"பின்னாடி ஒருத்தன் வர்றான், தாமரை. தினமும் வர்றான். என்னைத் தனியா விட்டுடாதே. எப்படியாவது இந்தப் பக்கம் வந்துடு."