கிழியாத ஸ்டிக்கர்

மிக்ஸி மூர்ச்சையானது. வேறொன்றுமில்லை, உள்ளே ஒரு குட்டி கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

"கர்ர்... அண்ணே, சட்னி பாதியில நிக்குது. காப்பாத்துங்க!" என்று அரை மயக்கத்தில் முனகியது.

"அஞ்சே நிமிஷம்டா!" என்று ஸ்க்ரூடிரைவர் துள்ளிக்கொண்டு வந்தது. ஆனால் திருகாணியின் மேல் ஒரு ஸ்டிக்கர் மல்லாந்து படுத்திருந்தது.

"ஹலோ சார்! என்னைக் கிழிச்சா வாரண்டி போயிடும்."

"அது போயி நாலு வருஷம் ஆச்சுய்யா!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கிழிக்கக் கூடாதுன்னு என் மேல போட்டிருக்கு, பாருங்க."

வீட்டுக்காரம்மா படித்துப் பார்த்தாள். எதற்கு வம்பு என்று ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் புது மிக்ஸி வாங்கினாள்.

காயலான் கடையில் பழைய மிக்ஸியின் மேல் சுத்தியல் ஓங்கியது. ஸ்டிக்கர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது:

"பாத்தியா தம்பி, கடைசி வரைக்கும் ஒருத்தனையும் உன்மேல கை வைக்க விடல!"