நீதி இல்லாத புத்தகம்

காட்டு நூலகத்தை ஒரு ஆமை நடத்திவந்தது. ஆசையாக வந்து படிப்பது ஒரே ஒரு கீரிக்குட்டிதான். படப் புத்தகங்களையெல்லாம் அது எப்போதோ முடித்துவிட்டது. பெரியவர்களின் புத்தகங்களைப் படிக்க அதற்கு இன்னும் வயது வரவில்லை.

ஆமை மெல்ல நடந்துபோய் ஒரு புத்தகம் கொண்டுவந்தது. கீரி நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தது.

"நீதி: பெரியோர் சொல் கேள். வேண்டாம் அக்கா."

ஆமை மறுபடி நடந்தது.

"நீதி: சோம்பல் கூடாது. இதுவும் வேண்டாம்."

அடுத்ததிலும் ஒரு நீதி இருந்தது.

"எல்லாமே என்னைத் திட்டத்தான் எழுதியிருக்காங்க. நாளையிலேர்ந்து நான் வரலை."

ஆமைக்குக் கால் வலித்தது. இந்தக் கீரியும் வராமல் போய்விட்டால் நூலகத்தை மூடவேண்டியதுதான். பெருமூச்சு விட்டபடி, மேசைக்கடியில் தனக்கென்று வைத்திருந்த புத்தகத்தை எடுத்து நீட்டியது.

"கொள்ளைக்கார நண்டுகளோட கதை. படிச்சா ஒரு பிரயோஜனமும் கிடையாது."

"நிஜமாவா?"

கீரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டது. இருட்டும்வரை ஆமை பூட்டும் கையுமாகக் காத்திருந்தது.

"அக்கா! அந்த நொண்டி நண்டு இருக்கே, அது கடைசியில..."

"ஐயோ, சொல்லாதேடி! நான் இன்னும் பாதிதான் படிச்சிருக்கேன்."