ஈரத்தின் மேல் பழி

"இந்த ஏ.சி.யைக் கொஞ்சம் கெடுத்துக் குடும்மா."

ஏணியில் பாதி ஏறியிருந்த மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டாள். பதினெட்டு வருடத் தொழிலில் ரிப்பேர் செய்யச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. கெடுக்கச் சொல்லிக் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

"என்ன சார் இது? மாட்டி நாலு வாரம்தான் ஆகுது. குளிர்ச்சி கச்சிதம். ஈரத்தையும் நல்லா இழுக்குது. இதுல ஒரு குறையும் இல்லையே."

"அதாம்மா குறையே" என்றார் ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர்.

மனமகிழ் மன்றத்தின் பின்னறை அது. நடுவில் பச்சைத் துணி போர்த்திய பில்லியர்ட்ஸ் மேசை. சுவரில் சாய்த்து வைத்த நான்கு குச்சிகள், ஒரு பெஞ்சு. முன்னறையில் சீட்டாடுகிறவர்களின் சத்தம் கேட்டது. வெளியே காலையிலிருந்து விடாமல் தூறிக்கொண்டிருந்தது.

"இந்த மேசை மழைக்கும் வெயிலுக்கும் குணம் மாறும்மா. ஈரம் ஏறினா துணி கனத்துப் போயிடும். பந்து சேத்துல நடக்குற மாதிரி நடக்கும். குச்சி கையில ஒட்டும். குளிர்னா ஓரத்து ரப்பர் செத்த மாதிரி கிடக்கும், வெயில்னா துள்ளும். ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது. இப்ப பாரு."

வெள்ளைப் பந்தை ஒரு தட்டுத் தட்டினார். அது வழுக்கிக்கொண்டு ஓடி எதிர் ஓரத்தில் மோதி, திரும்பி வந்து இந்த ஓரத்தில் மோதி, மறுபடியும் ஓடி மூலைக் குழிக்குள் விழுந்தது. விளையாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வெள்ளைப் பந்து குழிக்குள் விழக் கூடாது என்ற அளவுக்குத் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"யாரோட சார் ஆடுவீங்க?"

"என் மச்சானோட. வீட்டுக்காரிக்கு அண்ணன். கல்யாணம் ஆன வாரத்துல ஆரம்பிச்சது, முப்பத்தோரு வருஷம். தினமும் நாலு மணி. இந்த மேசைக்கு நாங்க ரெண்டு பேருதான். எங்க புலம்பல் தாங்காமத்தான் செயலாளர் இந்த ஏ.சி.யைப் போட்டாரு. போட்ட மறுநாளே ஆட்டம் நின்னுபோச்சு."

"ஏன்?"

"முன்னாடியெல்லாம் தோத்தா, 'சே, இன்னிக்கு ஈரம்'னு சொல்லிட்டு எழுந்து போகலாம். மறுநாள் நிமிர்ந்து வரலாம். இப்ப எதைச் சொல்றது? தோத்தா ஆட்டம் சரியில்லைன்னுதானே அர்த்தம்? மனுஷன் எந்த மூஞ்சியோட வருவான்?"

அவளுக்குப் பாவமாக இருந்தது. இத்தனை வயதில் ஒரு ஆட்டத்துக்காக இப்படி மருகுகிறாரே. அவள் வீட்டுக்காரரும் அப்படித்தான். குழம்பு அடிப்பிடித்தால் அடுப்பைத்தான் திட்டுவார்.

"சொந்தத்துக்குள்ளதானே சார், ஒரு ஆட்டம் விட்டுக்குடுத்தா என்ன குறைஞ்சுடும்?"

"விட்டுக்குடுத்தா தெரிஞ்சுடாதா? தோக்குறதையாவது பொறுத்துக்கலாம்மா. பாவம்னு விட்டுக்குடுத்தாங்கன்னு தெரிஞ்சா அப்புறம் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க முடியாது."

"அப்ப ஏ.சி.யை அணைச்சுட வேண்டியதுதானே?"

"அணைச்சா செயலாளர் வந்து போட்டுடுவாரு. கெட்டுப்போச்சுன்னு மெக்கானிக் எழுதினாத்தான் எல்லாரும் நம்புவாங்க." அவர் குரல் இறங்கியது. "நாலு வாரமா மணி நாலு அடிச்சா வீட்டுல உட்காரவே முடியல. இங்க வந்து இந்த பெஞ்சுல உட்கார்ந்துட்டுப் போறேன்."

நல்ல மெஷினைக் கெடுக்க அவளுக்குக் கை வரவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா போகவும் முடியவில்லை. ரிமோட்டை எடுத்து, காற்று மட்டும் வரும்படி மாற்றினாள். குளிர்ச்சியும் நின்றது, ஈரத்தை இழுப்பதும் நின்றது. ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். தூறல் காற்று திமுதிமுவென்று உள்ளே வந்தது.

"நாலு மணிக்குள்ள துணி வேணுங்கிற ஈரத்தைக் குடிச்சுடும் சார்" என்றவள், ஒரு தாளில் 'ஏ.சி. பழுது. தொடவேண்டாம்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கதவில் ஒட்டினாள். தொழிலில் அவள் எழுதிய முதல் பொய் அதுதான்.

அவர் உடனே போனை எடுத்தார்.

"மச்சான், ஏ.சி. புட்டுக்கிச்சு. மெக்கானிக்கே எழுதி ஒட்டிட்டாங்க. மேசை பழையபடி சேறுதான். நாலு மணிக்கு வந்துடுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பு ஏணி வரைக்கும் கேட்டது. போனை வைத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, குச்சிகளில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து எதிர்ப்பக்கம் வைத்தார்.

ஏணியை மடித்துக்கொண்டே அவள் கேட்டாள். "இனிமே கவலையே இல்லாம தோக்கலாம் சார். முப்பத்தோரு வருஷத்துல எத்தனை ஆட்டம் தோத்திருப்பீங்க?"

"நானா?" அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "நான் ஒண்ணுகூடத் தோத்ததில்லையேம்மா. தோத்தவருதான் நாலு வாரமா வரல."