நாற்காலியில் பச்சைக் கொடி

வீடியோ கேம்களை இயக்கும் மென்பொருளான கேம் எஞ்சின்களை ஒப்பிட்டு எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே ரயில் விளையாட்டின் மூன்று பதிப்புகளை மூன்று தலைமுறைக் கன்சோல்களில் போட்டு, மூன்று திரைகளிலும் ரயிலை ஒரே நடைமேடையில் நிறுத்திவைத்தேன்.

முதல் திரையில், பச்சைக் கொடியோடு நாற்காலியில் ஓர் இளம் ஸ்டேஷன் மாஸ்டர், பழைய கேம்களுக்கே உரிய கட்டம் கட்டமான உருவத்தில். வேறு எஞ்சினில் புதிதாக எழுதிய இரண்டாவதில் அவருக்கு நரைத்திருந்தது. நேற்று வெளியான மூன்றாவதில் வெயில்கூட நிஜம்போல் விழுந்தது. ஆனால் நாற்காலியில் கொடி மட்டும்தான்.

"அந்த மனுஷன் எங்கங்க?" என்றாள் மனைவி.

"மெமரி மிச்சம் பிடிக்க எடுத்திருப்பாங்க. இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"சரி, பழைய ரெண்டுலயும் இப்போ யாரு எடுத்தா?"

திரும்பினேன். இருபத்தைந்து வருடமாக யாராலும் திருத்த முடியாத அந்த முதல் கேம் கேசட்டில், காலி நாற்காலிமேல் கொடியாக ஆறே ஆறு பச்சைக் கட்டங்கள்.