சாரம் பிரித்த நாள்

எல்லோரும் வெளியே போன பிறகும் பெரொனெல் நகரவில்லை.

பங்குக் கோயிலின் நடுவில், மரச்சாரத்துக்கு நேர் கீழே, சுண்ணாம்பு காய்ந்து ஒட்டிய கூடையோடு நின்றாள். அவள் கண் மேஸ்திரி தியெபோவை விட்டு அகலவில்லை.

தலைக்கு மேலே புதிதாகக் கட்டிய கல் வளைவு. இத்தனை மாதமும் அதை மரம் தாங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு மரத்தை எடுக்கப் போகிறார்கள். இனிமேல் கல்லைக் கல்தான் தாங்க வேண்டும்.

தாங்காவிட்டால் போன தடவை மாதிரிதான்.

போன தடவை நான்கு பேர் அடியில் மாட்டிக்கொண்டார்கள். அந்த வளைவைக் கட்டிய மேஸ்திரி, அவள் புருஷன் ரெனியேயும் அவர்களில் ஒருவன். இடிபாட்டைத் தோண்டி அவனை வெளியே எடுத்தபோது அவளைப் பார்க்க விடவில்லை.

தியெபோவை அவளுக்கு வந்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஓசேர் பக்கம் பெரிய பெரிய வேலை பார்த்தவன் என்றார்கள். அப்படிப்பட்டவனுக்கு வால்மோரே மாதிரி ஒரு திராட்சைக்காட்டு ஊரில் என்ன வேலை?

கோடையில் வரும் யோவான் திருநாளுக்குச் சாரம் பிரிக்கலாம் என்று முதலில் சொன்னவன் அவன்தான். நாள் நெருங்கியதும் சாந்து இன்னும் ஈரம் என்றான். பிறகு திராட்சை பறித்து முடியட்டும் என்றான். அதுவும் முடிந்தது, மழை விடட்டும் என்றான். பங்குச் சாமியார் அன்சோ நேரில் வந்து கடிந்துகொண்டார். அதற்கும் அவன் அசையவில்லை.

போதாததற்கு அடிக்கடி ஏணியில் ஏறுவான். கல்லோடு காதை ஒட்டி, விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்பான். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவன் எதற்கு இப்படி ஒட்டுக்கேட்க வேண்டும்? கீழே சாந்து குழைத்தபடி அவள் அண்ணாந்து பார்ப்பாள். அவள் பார்ப்பது தெரிந்தால் உடனே இறங்கிவிடுவான்.

இன்று காலையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கோயில் வாசலில் அவனுடைய கழுதை வண்டி. உளி, சுத்தியல், தூக்குக் குண்டு, போர்வை, எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கியிருந்தான்.

வேலை முடிந்தால் மேஸ்திரி கிளம்புவது வழக்கம்தான். ஆனால் நிற்குமா விழுமா என்று தெரிவதற்கு முன்பே மூட்டை கட்டுகிறவன் யார்?

"ஏம்மா, நீயும் வெளிய போயிடு," என்றான் தியெபோ.

"மேஸ்திரி நீங்களே நிக்கிறீங்க. எனக்கென்ன பயம்?"

அவன் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு தச்சன் கார்னியேவுக்குக் கையைக் காட்டினான்.

கார்னியே உள்ளூர்க்காரன். சம்மட்டியைத் தோளில் தூக்கியவன், "இவ நின்னா விளங்கினாப்பலதான்," என்று பல்லுக்குள் முணுமுணுத்தான். அவள் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னான். ஊர் ரொட்டி அடுப்பில் அவள் போய் நின்றாலும் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ரெனியேவின் கைக்கோளாறால்தான் வளைவு இடிந்தது என்பது ஊர்ப் பேச்சு. பழகிவிட்டது.

முதல் ஆப்பு கழன்றது. பொடி உதிர்ந்து அவள் முக்காட்டில் விழுந்தது.

அடுத்த ஆப்பு. அதற்கடுத்தது. சாரம் கிரீச்சிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

அவள் கூரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. பயப்படுகிறான். ஏதோ இருக்கிறது, அதனால்தான் பயப்படுகிறான்.

கடைசி ஆப்பு தெறித்து விழுந்தது.

மேலே கல் முனகியது. நீளமான, அடிவயிற்றிலிருந்து வருகிற முனகல். கார்னியே சம்மட்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான். தியெபோ ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

பெரொனெல் அப்போதுதான் அண்ணாந்தாள்.

விழு, என்றாள். வாய்க்குள்தான் சொன்னாள். விழு.

முனகல் நின்றது.

மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. கல் நின்றது.

வெளியே மணி அடித்தார்கள். ஊரே உள்ளே புகுந்தது. சிலர் அழுதார்கள், சிலர் தரையை முத்தமிட்டார்கள். சாமியார் அன்சோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பீடத்தின் முன்னால் மண்டியிட்டு நன்றிப் பாடலைத் தொடங்கினார்.

அவள் மட்டும் வளைவில் விரிசல் தேடினாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேடினாள். ஒரு மயிரிழைகூட இல்லை. அதே மண். அதே குவாரியின் கல். அப்படியானால் ரெனியேவைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் உண்மை.

பக்கத்தில் தியெபோ வந்து நின்றான்.

"உம் புருஷன் எழுப்பின சுவர் மேலதாம்மா இது நிக்குது," என்றான். "அவரோட அளவுல ஒரு விரல்கூட நான் மாத்தல. அவர் எப்பச் சாரம் பிரிச்சாரு?"



"பாஸ்காவுக்கு முன்ன. அறுவடை கழிச்சுக் கட்டினது. பாஸ்கா பூசை புதுக் கூரைக்குக் கீழதான்னு இதே சாமியார்தான் சொல்லிட்டாரு. எம் புருஷனும் இப்ப வேணாம்னு சொல்லிப் பாத்தாரு. சாமியார் கேக்கல."

"பனிக்காலம் முழுக்கச் சாந்து காயாம, குளிர்ல வெறைச்சில்ல கெடந்திருக்கும்."



பெரொனெல் அவனை விட்டுக் கண்ணை எடுத்தாள். பீடத்தின் முன்னால் பாட்டு உச்சத்தில் இருந்தது. சாமியார் பாடவில்லை. தோளுக்கு மேலே திரும்பி, அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.