கேட்ட கூலி

"நீயே ஒரு தொகை சொல்லுக்கா."

சகாயமேரி பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆஸ்பத்திரிப் பை.

அவள் அக்கா என்று கூப்பிடும் தோட்டத்துக் கூட்டாளி பக்கத்தில் நின்றாள். கையில் இரண்டு சாவி.

நாளைக்குச் சேலத்தில் சகாயமேரிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அதற்கப்புறம் ஒன்றரை மாதம் குனியக் கூடாது. வாளி தூக்கக் கூடாது.

சகாயமேரி கடன் வாங்கிக் கட்டிய இரண்டு அறை. ஏற்காடு பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறாள். அதை அதுவரை இந்த அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொகை சொல்லு.

இப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. முப்பது வருடமாகக் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரிதான் முதலில் கூலி சொல்வார். இவர்கள் ஏற்றிக் கேட்பார்கள். அவர் இறக்குவார். திட்டுவார். நியாயம் நடுவில் எங்காவது வந்து நிற்கும். சில வருடம் வராது.

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

விரிப்பு துவைக்க வேண்டும். கக்கூஸ் கழுவ வேண்டும். விறகடுப்பில் வெந்நீர் வைக்க வேண்டும். ஆள் வராத நாளிலும் வாசலில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

நாளுக்கு இருநூற்றைம்பது. அதுதான் நியாயம்.

ஆனால் நியாயத்தை முதலிலேயே சொன்னால் பாதிதான் கைக்கு வரும்.

அதுவும் எதிரே இருப்பது சகாயமேரி. மேஸ்திரிக்கே வாய் கொடுத்தவள். கொசுறுக் கறிவேப்பிலைக்கும் பேரம் பேசுவாள் என்று தோட்டமே சிரிக்கும்.

"நானூறு" என்றாள்.

சொல்லிவிட்டு வசவுக்குக் காத்திருந்தாள். அடியாத்தி, ரூமையே எழுதி வாங்கிக்கோ என்பாள் சகாயமேரி. இவளும் பதிலுக்கு ஒன்று சொல்வாள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் இறங்கி வருவார்கள்.

"சரிக்கா" என்றாள் சகாயமேரி.

அவ்வளவுதான்.

"என்னடி சரி? குறைச்சுக் கேளு."

"உங்கிட்டயா? நம்ம கூலில எத்தனை பேரு குறைச்சிருப்பானுங்க. நானும் குறைக்கணுமாக்கா?"



சும்மா ஏற்றிச் சொன்னேன் என்று சொல்லிவிடலாம். ஒரு வரிதான். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த வரியும் சொல்ல வேண்டும். கூடவே கூடை சுமந்தவளை ஒரு நிமிஷம் மேஸ்திரியாக நினைத்துவிட்டேன் என்று.

சகாயமேரி போனை எடுத்தாள்.

"யம்மா, ஏற்காட்டு சகாயமேரி பேசறேனுங்க. ஆஸ்பத்திரில பத்து நாளு துணைக்கு இருக்கச் சொல்லியிருந்தேன்ல. வேணாமுங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"இல்லீங்க, வேற ஆளு வெக்கல. கையில அவ்வளவு இல்லீங்க. நானே பாத்துக்கறேன்."

போனை முந்தானையில் துடைத்துப் பைக்குள் போட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பாரம் பங்கு பிரிக்கும்போது பெரிய மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாளே, அதே முகம்.

பஸ் வந்தது.

"இருநூத்தம்பது போதும்டி."

ஒரு கால் படியில் இருக்க, சகாயமேரி திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள்.

"போன்ல பேசுனதக் கேட்டுத்தான சொல்ற? பேசுனது பேசுனதுதான்க்கா. பாவம் பாத்துக் குறைக்காத."

"பாவம் பாக்கலடி..."

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள் சகாயமேரி. வலிக்கிற இடம் அது. அணைத்தபடியே கையை ஆட்டினாள்.

பஸ் முதல் வளைவில் இறங்கி மறைந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. படுக்கை விரிக்க வேண்டும். வெந்நீர் வைக்க வேண்டும்.

அவள் டீக்கடைக்காரரிடம் அடுத்த சேலம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

அவர் சொன்னார்.

இன்னொரு முறை கேட்டாள். அவர் இன்னொரு முறை சொன்னார். அதில் ஏறினால் ஈரோட்டுக்காரர்கள் வரும்போது வாசலில் ஆள் இருக்காது.

பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அறைகள் இருக்கும் மேட்டைப் பார்த்து நடந்தாள்.